‘கெட்’டுக்கு எத்தனை அர்த்தம் என்று எண்ணாதீர்கள், பின்னால் வருவதைப் பாருங்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற ஒரே சொல் ‘கிடைத்தது’ என்றும் வருகிறது, ‘ஆனது’, ‘புரிந்தது’, ‘போய்ச் சேர்ந்தோம்’ என்றும் வருகிறது. அகராதியைத் திறந்தால் அர்த்தம் நீண்டுகொண்டே போகிறது. இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது?

மனப்பாடம் வேண்டாம், அந்த நேரத்தில் பத்து வாக்கியம் வாசிக்கலாம். ‘கெட்’டைத் தனியாக வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது, அடுத்து என்ன வருகிறது என்பதுதான் அர்த்தத்தை முடிவு செய்கிறது. ‘கெட் எ லெட்டர்’ என்று பின்னால் ஒரு பொருள் வந்தால் கிடைப்பது, வாங்குவது. ‘கெட் டயர்ட்’, ‘கெட் ஓல்ட்’ என்று ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால், அந்த நிலைக்கு மாறுவது. ‘கெட் ஹோம்’ என்று இடம் வந்தால் போய்ச் சேர்வது. ‘கெட் ஹிம் டு சைன்’ என்று ஆளும் ‘டு’வும் வந்தால், பேசியோ கெஞ்சியோ அவரைக் கையெழுத்துப் போடவைப்பது. ‘ஐ காட் இட்’ என்றால் புரிந்தது. நாமும் புரிந்ததைப் ‘பிடிபட்டது’ என்கிறோமே, அதே எண்ணம்தான்.

இந்தச் சொல் ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, அங்கே அதற்கு அடைதல், பெறுதல் என்று பொருள். ‘ஃபர்கெட்’டும் அதே வேரின் உறவுதான்: மனம் பிடித்திருந்ததை நழுவவிடுவது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘ஹி காட் ஸ்கோல்டட்’ என்ற அமைப்பைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். தமிழில் ‘திட்டு வாங்கினான்’, ‘அடி வாங்கினான்’ என்று சொல்லிப் பாருங்கள். செய்தவர் யார் என்பது பின்னுக்குப் போய், பட்டவன் முன்னுக்கு வருகிறான். ‘வாஸ் ஸ்கோல்டட்’ என்றாலும் தப்பில்லை, ஆனால் ‘காட்’ போட்டால் அவனுக்கு நேர்ந்தது என்ற உணர்வு கூடுகிறது.

நிஜமாகவே கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘வீ காட் டு மீட் ஹர்’ என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ‘வீவ் காட் டு மீட் ஹர்’ என்றால் சந்தித்தே ஆக வேண்டும். வித்தியாசம் ஒரு சின்ன ‘வ்’, அதுவும் வேகமாகப் பேசும்போது காதில் விழாமலே போய்விடும், அதனால் நேற்று நடந்ததைச் சொல்கிறாரா இனிமேல் நடக்க வேண்டியதையா என்று பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் சில இடங்களில் ‘காட்’டுக்குப் பதிலாகக் ‘காட்டன்’ (gotten) என்பார்கள், அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். பழைய ஆங்கில வடிவம் அங்கே தங்கிவிட்டது, பிரிட்டனில் பெரும்பாலும் ‘காட்’ மட்டும்தான். அமெரிக்கப் பேச்சில் ‘ஐவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் புதிதாக வாங்கியிருக்கிறேன்.

‘கெட் ஓவர்’, ‘கெட் பை’, ‘கெட் அலாங்’ போன்றவற்றுக்கு மட்டும் இந்த வழி உதவாது. இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படியுங்கள்: மீண்டு வருவது, சமாளிப்பது, ஒத்துப்போவது.

சரி, அலுவலகக் கடிதத்தில் போடலாமா என்றால், சக ஊழியருக்குத் தாராளமாகப் போடலாம். விண்ணப்பத்திலும் அறிக்கையிலும் ‘ரிசீவ்’, ‘பிகம்’, ‘அரைவ்’ என்று அந்தந்த இடத்துக்கான சொல்லையே எழுதுங்கள்.