ஐயாவின் மலாயா ரப்பர்த் தோட்டம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் ஐயா மலாயாவில் தைப்பிங் பக்கம் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர். வளவைப் (பூர்வீக வீட்டை) பழுது பார்த்தபோது பெட்டகத்தில் ஒரு பேரேடு, இரண்டு நில கிராண்ட் (அரசு நிலம் வழங்கிய பத்திரம்), வாழைமரம் போட்ட பத்து வெள்ளி (மலாயா டாலர்) நோட்டுகள் கிடைத்தன. விக்கிரம, விஷு வருஷங்களில் (1940–42) ரப்பர் வரவு நிறைய இருக்கிறது. அதன்பின் நாலு வருஷம் ரப்பரே இல்லை. ஆனால் தாரண வருஷத்தில் பழைய கடன்கள் மளமளவென்று வசூலாகியிருக்கின்றன. தோட்டத்தை ஜப்பான்காரன் பறித்துக்கொண்டான் என்பது வீட்டுப் பேச்சு. மீட்டுத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் கிராண்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் நிலம் யாருக்கு வழங்கப்பட்டது என்று இருக்கும். பிறகு நடந்த மாற்றங்களெல்லாம் பதிவுக் குறிப்புகளாக ஏறியிருக்கும். முன்பக்கம் ஒரு மலாய்க்காரர் அல்லது சீனர் பெயர் இருந்து, உங்கள் விலாசம் (தொழில் நடத்திய கடைப்பெயர்) அடமானக் குறிப்பில் மட்டும் வந்தால், உங்கள் வீட்டில் இருப்பது கடனுக்கு ஈடாக வாங்கி வைத்த பத்திரம். எண்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கடனை இனி வசூலிக்க வழியில்லை. பெயர் மாற்றம் பதிவாகியிருந்தால்தான் மேலே பேசவே இடம் உண்டு.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐயா முதலாளியாகப் போனாரா, மேலாளாகப் போனாரா? சம்பளச்சீட்டு (சம்பள ஒப்பந்தம்) எழுதிக்கொண்டு, முதலாளிக்காகக் கடையை நடத்தப் போன மேலாள், முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவார். தாளில் ஐயா பெயர் இருந்தாலும் சொத்து விலாசத்துக்கு உரியது. இதைப் பார்க்காமல் கிளம்பி, கடைசியில் பங்காளிகளோடு மனத்தாங்கல் ஆன குடும்பங்கள் நம் பக்கம் உண்டு.

இனி பேரேடு. எனக்கு நிலத்தைவிட இதுதான் பெரிய சொத்தாகப் படுகிறது.

1934 சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பிறகு மலாயாவில் ரப்பரை இஷ்டம்போல் விற்க முடியாது. நூறு ஏக்கருக்குக் குறைந்த சிறுதோட்டக்காரருக்கு மரத்தை மதிப்பிட்டுக் கூப்பன் கொடுப்பார்கள். அந்த அளவுக்குத்தான் விற்பனை. பெரிய தோட்டங்களோடு ஒப்பிட்டால் சிறுதோட்டக்காரரின் விளைச்சலைக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே உண்டு. எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. கூப்பனுக்கே தனியாக ஒரு விலை இருந்ததால், பால் வெட்டாமல் கூப்பனை மட்டும் விற்றவர்களும் இருந்தார்கள். ஆகவே ‘கூப்பன் வகை’ என்று வரவு இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஐரோப்பாவில் சண்டை மூண்டதும் அமெரிக்கா 1940-லிருந்து ரப்பரை வாங்கிக் குவித்தது, ஏற்றுமதி அளவும் உயர்ந்தது. உங்கள் விக்கிரம, விஷு வரவுக்குக் காரணம் அதுதான். விஷு கார்த்திகையில், அதாவது 1941 டிசம்பர் 8-ல், ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது. மாசி பிறந்த சில நாளில் சிங்கப்பூரும் விழுந்தது. ரப்பரை வாங்கிவந்த நாடுகள் எதிர்ப்பக்கம் போய்விட்டன. ஜப்பானுக்குத் தேவைப்பட்டது மலாயா விளைச்சலில் ஒரு பகுதிதான். அதை ஏற்றிப் போகவும் கப்பல் பற்றாது. வெட்டினாலும் விலை இல்லை என்றானதும் சிறுதோட்டக்காரர்கள் பால்வெட்டை நிறுத்திவிட்டு மரவள்ளி, சர்க்கரைவள்ளி போட்டுப் பிழைத்தார்கள். அந்த நாலு வருஷ வெறுமைக்கு இதுவே போதுமான காரணம். பறிமுதல் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதே காலத்துக் கொழும்புக் கணக்கைப் பார்த்தால் நேர்மாறாக இருக்கும். மலாயா கைவிட்டுப் போனதால் நேச நாடுகளுக்கு இலங்கை ரப்பர்தான் கதி என்றாகி, மரம் பட்டாலும் சரி என்று அங்கே ஒட்ட வெட்டினார்கள்.

தாரண வருஷ வசூல்தான் வேதனையானது. அது 1944–45. ஜப்பான்காரன் வெளியிட்ட வாழைமர நோட்டு வெறும் தாளுக்குச் சமமாகிக் கொண்டிருந்த சமயம் பார்த்து, சண்டைக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை அந்த நோட்டில் கட்டித் தீர்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மேலாளுக்குத் துணிவு வருமா? 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்த நோட்டு செல்லாது என்றார்கள். இப்படிக் கட்டிய பணத்தை எந்த மதிப்பில் ஏற்பது என்று தீர்க்க 1948-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பெட்டகத்தில் இருக்கும் வாழைமர நோட்டு அந்த வசூலின் மிச்சமாக இருக்கலாம். சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், ஆனால் ஏராளமாக அச்சடித்ததால் பெரிய விலை வராது. வரிசை எண் அச்சிட்ட ஆரம்பகால நோட்டு இருக்கிறதா என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். அதற்கு மதிப்புக் கூடுதல்.

வியய வருஷத்தில், அதாவது 1946–47-ல், ரப்பர் வரவு மறுபடி தலைகாட்டுகிறதா என்றும் பாருங்கள். வெட்டாமல் விட்ட மரங்களில் பட்டை நன்றாகத் தேறியிருந்ததால், சண்டை முடிந்ததும் சிறுதோட்டங்களில் பால் நிறைய வடிந்தது. அந்த வரவு உங்கள் விலாசத்தில் இருந்தால், சண்டைக்குப் பின்னும் தோட்டம் கைவசம் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கிராண்டில் பெயர் மாற்றம் இருந்தால், அதிலுள்ள முக்கிம் (உள்வட்டாரம்) பெயரையும் லாட் (மனை) எண்ணையும் எடுத்துக்கொண்டு, அந்த வட்டார நில அலுவலகத்தில் பதிவுத் தேடல் செய்யுங்கள். இதற்கு அரசு கட்டணம் சிறியது. மலேசிய வழக்கறிஞர் மூலமும் செய்யலாம். நிலவரி பாக்கி நின்றால் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு என்பதால், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். முன்பணம் கேட்ட அந்த மனிதர் மறுபடி வந்தால் தேடல் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

பேரேட்டுக்கு லேமினேஷன் வேண்டாம், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். ஈரம் படாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். வீட்டில் காக்க முடியாதென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களிலிருந்து எழுந்ததுதான் அது.