கேள்வி பதில்: கடலில் கரையாத தூள்

கேள்வி: எவ்வளவு சிறிதானால் நுண்நெகிழி?

பதில்: ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் துண்டு. பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: நாங்கள் கடலில் எதையும் எறிவதில்லை. எங்களுக்கு இதில் என்ன பங்கு?

பதில்: உங்கள் துணி எறிகிறது. பாலியெஸ்டர், அக்ரிலிக் எல்லாமே பிளாஸ்டிக் நூல்தான். ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை வாஷிங் மெஷினில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று 2016இல் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், தப்பியது கடலுக்கு. டயர் தேய்ந்த தூளும் மழைநீரோடு அங்கேதான் போய்ச் சேர்கிறது.

கேள்வி: இதைத் தின்ற உயிர்கள் செத்துவிடுமா?

பதில்: உடனே சாவது அரிது. அதனால்தான் பாதிப்பு வெளியே தெரிவதில்லை. கோப்பிபாட் என்றொரு மிதவை உயிரி. அரிசிமணியை விடச் சிறியது, உடல் கண்ணாடி போன்றது. ஒளிரும் பிளாஸ்டிக் மணிகளை நீரில் கலந்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் குடலுக்குள் அவை மினுமினுப்பது தெரியும். வயிறு நிறைந்திருக்கிறது, பாசி தின்பது குறைந்துவிடுகிறது. பிறகு முட்டை சிறுக்கிறது, பொரிப்பதும் குறைகிறது. இதன் கழிவு உருண்டைகள்தான் கரிமத்தை (கார்பனை) கடலடிக்குக் கொண்டுபோகின்றன. பிளாஸ்டிக் கலந்த உருண்டை எடை குறைந்து மெதுவாக இறங்குகிறது.

சிப்பிகளிலும் இதே கதைதான். இரண்டு மாதம் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மணிகளோடு வளர்த்த சிப்பிகளில் முட்டை எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது; விந்தணுவின் வேகமும் தளர்ந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஆய்வகத் தொட்டிகளில் பல நேரம் கடலில் இருப்பதை விட அதிக அளவு கலக்கிறார்கள். எண்ணை அப்படியே கடலுக்குப் பொருத்தாதீர்கள்.

கேள்வி: மீன்குஞ்சுகள் இரையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கை விரும்பித் தின்கின்றன என்று படித்தேனே?

பதில்: அதை மறந்துவிடுங்கள். 2016இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. இன்னமும் அதைப் பகிர்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, உள்ளது போதாதா? கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கில் பாசி படிந்தால் டைமெத்தில் சல்பைடு வாசனை கிளம்பும். சில கடற்பறவைகள் இரை தேடிப் பின்தொடரும் வாசனை அது; பிளாஸ்டிக்கை இரை என்று அவை ஏமாறக்கூடும்.

கேள்வி: ஆழ்கடலாவது தப்பித்ததா?

பதில்: இல்லை. பசிபிக்கின் ஆழமான பள்ளமான மரியானா அகழியில் 6,000 மீட்டருக்குக் கீழே பிடித்த, இறால் போன்ற ஓர் ஓட்டுடலியின் குடலில் பிளாஸ்டிக் இழை இருந்தது. 2020இல் அந்தப் புதிய இனத்துக்கு 'யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: வலை போட்டு அள்ள முடியாதா?

பதில்: அவ்வளவு நெருக்கமான வலையில் மிதவை உயிரிகளும் சேர்ந்து வந்துவிடும். பெரிய துண்டுகளை அள்ளலாம். பசிபிக் கடலில் குப்பை சேர்ந்து மிதக்கும் பகுதியான பசிபிக் குப்பைத் திட்டில் எண்ணிக்கைப்படி 94 சதவீதம் நுண்துகள்; எடைப்படி வெறும் 8 சதவீதம் என்பது 2018இல் வந்த மதிப்பீடு. எடையில் மீதியெல்லாம் வலை, கயிறு, பெட்டி போன்றவை. வெயிலில் நொறுங்குவதற்குள் அவற்றைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும்.