கதை சார்ந்த வீடியோ கேம்களில் நம் தெரிவுகளால் உண்மையிலேயே ஏதும் மாறுகிறதா?

இடையிடையே உங்களிடம் முடிவு கேட்டு, அதை வைத்துக் கதையை நகர்த்துகிற விளையாட்டுதான் இது. சுடுவதும் ஓடுவதும் இதில் இரண்டாம் பட்சம்.

சரி, மாறுகிறதா? ஓரளவுக்குத்தான். பத்து இடத்தில் இரண்டிரண்டு தெரிவு கொடுத்து எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிய விட்டால் 1024 முடிவுகள் வரும், அத்தனைக்கும் யார் எழுதி, குரல் கொடுத்து, படம் வரைவது? அதனால் கிளைகளைப் பிரித்துவிட்டு ஒரு இடத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். 2012இல் வந்த 'தி வாக்கிங் டெட்'டில் இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம், ஆனால் யாரைக் காப்பாற்றினாலும் அவரும் பிறகு செத்துப்போவார் (விளையாடாதவர்கள் மன்னிக்கவும்). 2010இல் வந்த 'ஹெவி ரெயின்' கொஞ்சம் துணிச்சலானது, முக்கியப் பாத்திரம் இறந்தாலும் கதை நிற்காமல் போகும்.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு மூதூர், வாகரை பக்கமாகக் கடலோரமாகவும் போகலாம், ஹபரணை, பொலன்னறுவை சுற்றியும் போகலாம். இறங்குவது ஒரே ஊர்தான், ஆனால் வழியில் பார்ப்பது வேறு. முடிவு மாறாததாலேயே இதெல்லாம் ஏமாற்று என்று சண்டை பிடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த ஆளை ஏன் விட்டுவிட்டு வந்தோம் என்று விளையாடுகிறவர் யோசிக்கிறாரே, அதற்குத்தான் காசு.

அப்புறம், 'பட்டன் அமத்திப் பார்க்கிற படம்தானே' என்பார்கள். படம் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்காது, 'வாக்கிங் டெட்' போன்றவற்றிலோ நேரத்துக்குள் வாய் திறக்காவிட்டால் உங்கள் மௌனமே பதிலாகிவிடும்.