சுவரில் ஏறும் உண்ணி: டர்பன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழைக்காலம் தொடங்கினால் கொசு வரும், ஈசல் வரும், கூடவே உண்ணிக் கேள்விகளும் வரும். நான் மருத்துவர் அல்ல. ஒரு கால்நடை மருத்துவரிடம் 22 வருடம் உதவியாளராக இருந்தவன். நாயின் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. நாயும் வீடும் பற்றிக் கேளுங்கள். கேள்வி வர வர எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, நாயைக் குளிப்பாட்டி உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டோம். மூன்று வாரம் கழித்து திரைச்சீலையில் ஏறுகின்றன! எங்கிருந்துதான் வருகின்றன?

சுவரிலிருந்து வருகின்றன, தங்கச்சி. நீங்கள் நாயைக் குளிப்பாட்டிய அன்றைக்கே அவை அங்கே இருந்தன.

நம் வீடுகளுக்குள் குடும்பம் நடத்துவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இது தன் வாழ்நாளில் மூன்று முறை நாய்மேல் ஏறும், மூன்று முறை இறங்கும். குஞ்சு ஆறு காலோடு, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, ஒளிந்து தோல் உரிக்கும். எட்டுக் காலோடு மறுபடி ஏறும், மறுபடி இறங்கி உரிக்கும். மூன்றாவது தடவை வளர்ந்த உண்ணியாக வரும். பெண் உண்ணி சாம்பல் நிற மொச்சைக் கொட்டை மாதிரி உப்பி இறங்கி, ஏதாவது ஓர் இடுக்கில் 4000 வரை முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். இறங்கிய பிறகு மேலே ஏறுவது இதன் குணம். அதனால்தான் திரைச்சீலை, படச்சட்டத்தின் பின்பக்கம், கதவு நிலை, கூரை மூலை என்று பார்க்கிறீர்கள்.

போன மாதம் உறவினர் வீட்டில் சுவரோடு ஒட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையோரம் அடித்திருந்த மரச்சட்டம் ஓர் இடத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பழைய கத்தியால் நெம்பினால், உள்ளே கேழ்வரகைக் கொட்டி வைத்தது போல ஒரு பழுப்புக் குவியல், மினுமினுவென்று. ஓரத்தில் தாய் உண்ணி சுருங்கிக் கிடந்தது. அந்த வீட்டில் நாய்க்கு வாரம் தவறாமல் குளியல் நடந்துகொண்டுதான் இருந்தது!

இனி செய்ய வேண்டியது. வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில் மருந்து தொடங்குங்கள். ஃப்ளூரலானர் மாத்திரை ஒன்று சுமார் 12 வாரம் நிற்கும், அஃபாக்சோலானர் ஒரு மாதம். எடை பார்த்துத் தருவார்கள். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து போட்ட நாயை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். பலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். சுவரில் பசியோடு இருப்பது நாயைத் தேடி வந்து, கடித்து, செத்துப்போகும். நாய் இல்லாவிட்டால் அது உங்கள் கட்டிலுக்கு வரும்.

வீட்டுக்குள் வாக்குவம் கிளீனரால் மூலை, இடுக்கு, சோபாவின் அடி எல்லாம் இழுத்து, பையைக் கட்டி அன்றே வெளியே போடுங்கள். நாயின் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். முடிந்த இடத்தில் விரிசலை அடைத்துப் பூசிவிடுங்கள், காசு குறைவான வழி அதுதான். மீதி இடுக்குகளில் உண்ணிக்கென்று லேபிளில் போட்ட ஸ்பிரே அடித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள், அதற்குப் பிறகும் அடியுங்கள். கண்ணில் படுவதை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போடுங்கள்.

ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடிய பிராணி இது. குறைந்தது நான்கு மாதம் விடாமல் செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு ஒரே பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமல் இது தீராது. ஒரு தட்டு முறுக்கோடு போய்ப் பேசுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: ஜேய்ஸ் ஃப்ளூயிட் கலந்து நாயைக் குளிப்பாட்டலாமா? அப்பா காலத்திலிருந்து அதுதான்.

கூடாது. அது சாக்கடைக்கும் கழிப்பறைக்கும் ஆனது. அதிலுள்ள தார் அமிலங்கள் தோலைப் பொசுக்கும். நாய் நக்கினால் வாயும் குடலும் போகும், ஈரல் கெடும். வயிறெல்லாம் சிவந்து, நடுங்கிக்கொண்டே மேசைமேல் கிடந்த நாய்களை நான் துடைத்திருக்கிறேன். அப்பா காலத்து நாய்களில் எத்தனை இப்படிப் போயின என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

லெனேசியாவிலிருந்து: நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மீதி இருக்கிறது. பூனைக்குப் பாதி போடலாமா?

பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது. மருந்து போட்ட நாயோடு பூனை உரசிப் படுத்தாலே ஆபத்து, மருந்து காயும்வரை பிரித்து வையுங்கள்.

டோங்காட்டிலிருந்து: ஐயா, ரசாயனம் எதற்கு? வீட்டு வாசலிலேயே வேப்பமரம் நிற்கிறது. இலையை அவித்துத் தண்ணீரை முற்றத்தில் தெளிக்கலாமே?

உங்கள் வாசலில் நிற்பது வேம்பா, சிரிங்காவா? ஊதாப் பூ பூத்து, குளிர்காலத்தில் இலை உதிர்ந்து, மஞ்சள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது சிரிங்கா. அதை அவித்துத் தெளித்து உண்ணி போகாது. அந்தக் காயைத் தின்றால் நாய் போகும்.

இசிப்பிங்கோவிலிருந்து: நீங்கள் இப்படி எழுதியது வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஆயா அந்த மரத்து இலையைத்தான் மாரியம்மன் கும்பத்துக்கு வைத்தார். அம்மை போட்டால் அதைத்தான் படுக்கையில் போட்டார்கள். வேப்பிலை இல்லையென்றால் இத்தனை வருடம் நாங்கள் கும்பிட்டது என்ன?

அம்மா, கும்பிட்டதை நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கூழ் பூஜைக்கும் அதே மரத்துக் கிளைதான். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து முதன்முதலாக வந்து இறங்கியவர்களும் பின்னால் வந்தவர்களும் இங்கே வேம்பைத் தேடியிருப்பார்கள். கண்ணில் பட்டது அதே சாயலில் இந்த மரம். சொந்தக்கார மரம்தான், ஒரே குடும்பம். சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்றால் நான் யார் மறுக்க?

ஆனால் உண்ணியும் நாயின் வயிறும் பக்தி பார்க்காது. வேம்பின் இலையில் ஒரே காம்பின் இரு பக்கமும் சிற்றிலை வரிசையாக நிற்கும். சிரிங்காவில் காம்பு மறுபடி கிளைத்து, அதில் சிற்றிலை நிற்கும். ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. வேம்பின் பூ வெள்ளை, பழம் கொஞ்சம் நீளம், பழுத்தால் கொழகொழவென்று விழும். சிரிங்காவின் காய் உருண்டை. இலை எல்லாம் கொட்டின பிறகும் மரத்திலேயே தொங்கும்.

மெர்பேங்கிலிருந்து: குருவிகள் அந்தக் காயைத் தின்கின்றனவே, ஒன்றும் ஆகவில்லையே! நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

குருவியின் வயிறு வேறு, நாயின் வயிறு வேறு. பன்றியும் நாயும் இதைத் தின்று வாந்தி, பேதி, நடுக்கம் என்று விழுந்ததைக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். குட்டிநாய்க்குக் கீழே உருளும் எதுவும் விளையாட்டுப் பந்து. குருவி தின்று எச்சமிட்ட இடமெல்லாம் முளைப்பதால், இந்த நாட்டில் அதை ஊடுருவும் மரங்களின் பட்டியலில் வேறு சேர்த்திருக்கிறார்கள்.

டோங்காட் மறுபடி: கிளையைப் பார்த்தேன். காம்பு மறுபடி கிளைக்கிறது. ஆனால் உண்மையான வேம்பு கிடைத்தால் உண்ணி போகும்தானே?

பார்த்ததற்கு நன்றி, பாதிப் பேர் பார்க்காமலேயே சண்டைக்கு வருகிறார்கள். வேப்பெண்ணெய்க்குப் பூச்சியைத் தள்ளி நிறுத்தும் குணம் உண்டு. மரச்சட்டத்துக்குப் பின்னால் 4000 முட்டை இருக்கும்போது அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

இசிப்பிங்கோ மறுபடி: அப்படியானால் ஆடி மாதத்தில் மரத்தை வெட்டவா சொல்கிறீர்கள்?

வெட்டச் சொல்லவில்லை. கும்பத்துக்குக் கிளை ஒடிக்கும்போது காய்க் கொத்தைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். பூஜை முடிந்ததும் தரையைப் பெருக்கிக் காயை மூட்டை கட்டுங்கள். ஆடியில்தான் இங்கே குளிர்காலம், காய் பழுத்துத் தொங்கும் நேரமும் அதுதான். சிரிங்கா பற்றி இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில்.

வெருலத்திலிருந்து: கினிக்கோழி வளர்த்தால் உண்ணியைத் தின்றுவிடும் என்கிறார்கள்?

புல்லில் தட்டுப்படும் பெரிய உண்ணியைக் கொத்தும். உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அது வராது. அதைவிட, இந்த நாட்டுக் காட்டு உண்ணிகள் சிலவற்றின் குஞ்சுகள் கினிக்கோழியின் தலையிலேயே ஒட்டி வாழும். சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் வந்து சண்டை போடுவார்கள், அது உறுதி.

வெருலத்திலிருந்து இன்னொருவர்: ஜேய்ஸ் ஃப்ளூயிட்டை முற்றத்தில் மட்டும் தெளித்தால்?

நாய் எங்கே படுக்கும்? முற்றத்தில். காலை எதால் சுத்தம் செய்யும்? நாக்கால்.

முற்றத்துக்கு வேறு வழி உண்டு. புல்லைக் குட்டையாக வெட்டி, காய்ந்த இலையை அள்ளி, வெயில் படும்படி திறந்து விடுங்கள். வெயிலில் காயும் இடத்தில் பெரும்பாலான உண்ணிகள் நெடுநாள் தாங்காது. புல்வெளி முழுக்க மருந்தடிப்பது வீண், தேனீதான் சாகும். மருந்து போக வேண்டிய இடம் நாய்க்கூடு, அதை ஒட்டிய சுவர், வெண்டி ஹவுஸ் என்ற மரக் குடிலின் பலகை இடுக்கு. பலகையில் செய்த கூடு என்றால் கவிழ்த்துப் பாருங்கள். ஆணி அடித்த இடமெல்லாம் உண்ணி வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இடுக்கில்லாத பிளாஸ்டிக் கூடு வாங்குவது உத்தமம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: லூலூயி காட்டுக்குப் போய் வந்து ஒரு வாரம். தொடையில் கருப்பாக ஒரு பொருக்கு, தலைவலி மண்டையைப் பிளக்கிறது. லைம் நோயா?

லைம் நோய் இங்கே பரவுவதாகக் கண்டறியப்படவில்லை. நீங்கள் பார்த்தது அமெரிக்கக் காணொளியாக இருக்கும். நீங்கள் சொல்வது உண்ணிக் காய்ச்சல் போலத் தெரிகிறது. கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கு, அருகில் நெறி கட்டுவது, காய்ச்சல், கடும் தலைவலி. கடித்து ஒரு வாரம் வாக்கில் தொடங்கும். காட்டுப் பக்கம் மாடு, மான்களில் இருக்கும் வண்ண உண்ணி பரப்புவது ஒரு வகை, நாய் உண்ணி பரப்புவது இன்னொரு வகை. இரண்டாவது கடுமையாகவும் போகலாம், வயதானவர்களுக்கு முக்கியமாக. இன்றே மருத்துவரிடம் போய், காட்டுக்குப் போனதைச் சொல்லி, பொருக்கைக் காட்டுங்கள். டாக்ஸிசைக்கிளின் தருவார்கள், பெரும்பாலும் சீக்கிரம் கேட்கும்.

இனி ஒட்டிய உண்ணியை எடுக்க வேண்டி வந்தால், தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். தீக்குச்சி, வாசலின், பாரஃபின் எதுவும் வேண்டாம்.

டர்பன் நகரத்திலிருந்து: டாக்ஸி ரேங்கில் குளிர்பானப் பாட்டிலில் உண்ணி மருந்து விற்கிறார்கள். 20 ராண்ட். கரப்பான், எலி எல்லாம் சாகிறதாம்.

எல்லாம் சாகும் என்றால் எல்லாமும்தான். 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தார்களே, அது டெர்புஃபாஸ். வயலுக்கான விஷம், தெருவில் கை மாறி விற்கப்பட்டது. வாங்கும் எந்த மருந்திலும் லேபிளைத் திருப்பி, 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி பதிவு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஸ்டேங்கரிலிருந்து: மூன்று மாடு, ஒரு குதிரை. உண்ணி மருந்து ஒன்றே போதுமா?

மாட்டுக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரைக்கு ஆகாது. மீதியை அரசுக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள், என் துறை இல்லை.

ஷால்கிராஸிலிருந்து: ஜேய்ஸ் ஃப்ளூயிட்டோடு டீசல் கலந்தால்?

வண்டிக்குக்கூட ஊற்றாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து, இரவு 9.40: அண்ணா, எங்கள் நாய் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஈறு வெள்ளையாக இருக்கிறது, சிறுநீர் கருஞ்சிவப்பு. காலை வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இது பில்லியரியாக இருக்கலாம். உண்ணி கொண்டுவரும் கிருமி சிவப்பணுக்களுக்குள் புகுந்து உடைக்கும். மைக்ராஸ்கோப்பில் பேரிக்காய் வடிவில் ஜோடி ஜோடியாகத் தெரியும். இந்த நாட்டு வகை வேகமானது, ஓர் இரவு பெரிய வித்தியாசம். வீட்டில் யாராவது ஊசி வைத்திருந்தால் போட விடாதீர்கள், அளவு தப்பினால் அதுவே கொல்லும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு இப்போதே போன் செய்து, பில்லியரி சந்தேகம், ஈறு வெளுப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். காசு யோசனை என்றால் விலங்கு நலச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.விலும் கேளுங்கள். நாயை நடக்க விடாமல் போர்வையில் தூக்கி வண்டியில் வையுங்கள்.

மற்றவர்களுக்கு நாளை எழுதுகிறேன்.