நீர்க்கரையில் அலிகேட்டர் முதலையும் காட்டுப்பன்றியும் எதிர்ப்பட்டால் என்ன நடக்கும்?

யார் வெல்வது என்பது உடலளவையும் இடத்தையும் பொறுத்தது. இவ்விரண்டும் சேர்ந்து வாழும் அமெரிக்க மாநிலமான புளோரிடாவின் பன்றிகள் அம்மண்ணுக்குரியவை அல்ல. 1539இல் எர்னான்டோ டி சோட்டோவின் ஸ்பானியப் படை அங்கே பன்றிகளைக் கொண்டுவந்தது. வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள இயலாத பன்றிகள் வெயில் காலத்தில் சேற்றையும் நீரையும் தேடியே ஆக வேண்டும். அங்கே கண்களும் மூக்குத்துளைகளும் மட்டும் வெளியே தெரிய அசையாமல் கிடக்கும் பெரிய முதலை, கரையோரம் வந்த பன்றியைப் பாய்ந்து கவ்வி, நீருக்குள் இழுத்து மூழ்கடித்துவிடுகிறது. குட்டிகளே எளிதில் அகப்படும்; கோரைப்பல் முற்றிய ஆண் பன்றி சிறிய முதலைக்கு இரையாகாது.

வேட்டைக் காட்சிகளைவிடக் கவனிக்கத்தக்கது கரைமேல் நிகழ்வது என்பேன்: தாய் முதலை இலைதழைகளையும் சேற்றையும் குவித்துக் கட்டிய கூட்டைக் கிளறி, முட்டைகளைத் தின்பவையும் இதே பன்றிகள்தாம்.