லேசிக் செய்தபின் விழித்திரை பாதிக்கப்படுமா?

அரிதாக நடக்கும். லேசிக் என்பது கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் செய்யும் கண் சிகிச்சை. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் உட்பக்கமாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். நாம் பார்ப்பதெல்லாம் விழுவது அதில்தான். அதில் கிழிசல் விழலாம், சுவரை விட்டே உரிந்தும் வரலாம்.

ஆனால் லேசரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. லேசிக்குக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கிட்டப்பார்வைக்காரர்கள். சாதாரணக் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். கண்ணாடி பவர் மைனஸ் 6-ஐத் தாண்டிய கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் 26-க்கு மேல் போய்விடும். ஊத ஊத பலூன் ரப்பர் மெலிவதுபோல, விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். சிகிச்சையில் கண்ணைப் பிடித்து நிறுத்தும் உறிஞ்சு வளையம் சில நொடிகள் கண் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதன் பங்கும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் உண்டு.

கிழிசல் விழுந்தால்? சுவர் போஸ்டரின் ஓரம் கிழிந்து மழைத்தண்ணீர் பின்னால் புகுந்தால் முழுசாகக் கழன்று வருமே, அதே கதைதான். திடீர் மின்னல் வெட்டு, மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்தது போன்ற நிழல் தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். வலிக்காது; அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

அப்புறம், 'கண்ணாடி போச்சு, கிட்டப்பார்வையும் போச்சு' என்ற நினைப்பு தவறு: லேசர் மாற்றுவது முன்னால் உள்ள கருவிழியின் வளைவை மட்டுமே, கண்ணின் நீளமும் மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கின்றன.