குந்தி எழுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடப்பது பற்றிச் சித்திரையில் நீங்கள் எழுதிய கட்டுரையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நடையைத் தவிர வேறு உடற்பயிற்சி தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அவருக்கு 67 வயது. குடியாத்தத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அப்பா தறி நெய்த காலத்தில் குந்தியபடியே நாள் முழுக்க நூல் தார் சுற்றியவர், தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் தூக்கியவர். இப்போது அண்ணன் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சமைக்க ஆள் வருகிறது, துவைக்க மெஷின், வெஸ்டர்ன் டாய்லெட், எல்லாம் இருக்கிறது. மொட்டைமாடியில் காலையும் மாலையும் அரைமணி நேரம் நடக்கிறார். சர்க்கரை மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.

இந்த ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது தரையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம். மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். வயதுக்கேற்ற தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் அன்றிலிருந்து அம்மா தரையில் உட்காருவதையே விட்டுவிட்டார். ஜிம்முக்குப் போகும் அண்ணன் மகன், "பாட்டி வெயிட் தூக்கணும்" என்கிறான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். தினமும் நடக்கிறவருக்கு ஏன் இப்படி ஆகிறது? அவன் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

பையன் சொல்வதுதான் சரி. நான் எழுதியது அரைகுறை. அதை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும். திருத்தினால் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும், அது கொஞ்சம் வெட்கக்கேடு என்பதால் பேசாமல் இருந்தேன். உங்கள் அம்மா கதையைக் கேட்டபின் எனக்கென்ன கௌரவம், சொல்லிவிடுகிறேன்.

வைகாசியில் விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய வீடு. தோட்டத்துப் பக்கம் குந்துகிற கழிப்பறை. எங்கள் வீட்டில் அதை மாற்றிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. குந்தினேன். எழ முடியவில்லை. தொடை நடுங்குகிறதே தவிர உடம்பு மேலே வரமாட்டேன் என்கிறது. எதிர்ச் சுவரில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அதைப் பிடித்து இழுத்து எழுந்தேன். நான் எழுந்த வேகத்தில் குழாயும் கையோடு வந்துவிட்டது. இழவு வீட்டில், பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் நனைந்துகொண்டு 63 வயதுப் பெரிய மனிதன் ஒருவன் நிற்கிறான். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவன்.

நடையைக் குறை சொல்லவில்லை. நெஞ்சுக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, மனசுக்கு எல்லாவற்றையும்விட நல்லது. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது தொடை தன் பலத்தில் ஒரு சின்னப் பங்கைத்தான் செலவழிக்கிறது. கோழியை வைத்துச் சொன்னால் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பு, கால்கறி கறுப்பு. கால் நாள் முழுக்கக் குப்பையைக் கிளறி நடக்கிறது. அதில் மெதுவாக வேலை செய்கிற, சோர்ந்துபோகாத இழைகள் நெஞ்சைவிட அதிகம். நெஞ்சுச் சதைக்கு எப்போதாவதுதான் வேலை, நாய் துரத்தினால் மதில்மேல் ஒரே தாவு. அந்த இழைகள் வேகமானவை, பலமானவை, சீக்கிரம் களைத்துவிடுபவை. மனிதருக்கு இரண்டு வகையும் ஒரே தசைக்குள் கலந்து கிடக்கின்றன. வயதாகும்போது முதலில் மெலிவது வேகமான இழைகள். அவற்றை இயக்கும் நரம்பணுக்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. நடை கூப்பிடுவதோ பெரும்பாலும் மெதுவான இழைகளை. தரையிலிருந்து எழவும், டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படியில் ஏறவும், கல் தடுக்கினால் சட்டென்று அடுத்த காலை முன்னால் வைத்து விழாமல் நிற்கவும் அந்த வேகமான இழைகள்தான் வேண்டும். உங்கள் அம்மா மாடியில் எத்தனை சுற்று நடந்தாலும் அவற்றுக்கு வேலை வரவில்லை. வேலையில்லாததை உடம்பு வைத்துக்கொள்ளாது.

இந்த மெலிவுக்கு சார்கோபீனியா என்று 1989இல் பெயர் வைத்தவர் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர். கிரேக்கத்தில் 'சதைப் பஞ்சம்' என்பதுபோலப் பொருள். அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி எண் கிடைக்கவே 2016 ஆகிவிட்டது. நம்மூரில் அதற்கு இன்றும் 'வயசாயிடுச்சு' என்றுதான் பெயர்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "ஒரு குறையும் வைக்கவில்லை" என்பது. கோபித்துக்கொள்ளாதீர்கள். குறை வைக்காததுதான் குறை. நம் வீடுகளில் வயதானவருக்கு மரியாதை என்றால் கையிலிருக்கும் சுமையை வாங்கிக்கொள்வது. "நீ குந்தும்மா, நான் பார்த்துக்கறேன்." குடத்தை வாங்கினோம், அம்மியை வாங்கினோம், வாளியை வாங்கினோம், கடைசியில் குந்துவதையும் வாங்கிக்கொண்டோம். ஒவ்வொன்றும் பாசத்தில் செய்ததுதான். தார் சுற்றிய காலத்தில் உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை குந்தி எழுந்திருப்பார் என்று எண்ணிப்பாருங்கள். ஜிம்மில் உங்கள் அண்ணன் மகன் காசு கொடுத்துச் செய்வதும் அதேதான், அவன் அதை ஸ்குவாட் என்கிறான். (பள்ளிக்கூடத்தில் 'குந்து' கொச்சை, 'அமர்' என்று எழுது என்று எங்கள் தமிழ் வாத்தியார் அடிப்பார். நாற்காலியில் அமரலாம், குந்த முடியாது. இரண்டும் வேறு வேலை என்று இப்போது தெரிகிறது.)

பழைய காலத்து வேலையைப் போற்றிப் பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குடம் தூக்கி இடுப்பு போன பெண்களையும், குழித்தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்த ஆண்களையும் பார்த்திருக்கிறேன். மெஷின் வந்தது நல்லதுதான். சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. 2024இல் ரோப் கார் வந்தபிறகு, பத்து வருஷமாக அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பிய என் பெரியம்மா மேலே போய் நரசிம்மரைப் பார்த்துவிட்டு வந்தார். அதைப்போய் யாராவது குறை சொல்வார்களா? விட்டுப்போன வேலைக்குப் பதில் ஒன்றை நாம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பிள்ளையார் முன்னால் இப்போதெல்லாம் கவனித்துப் பார்க்கிறேன். என் வயதுக்காரர்கள் போடுகிற தோப்புக்கரணம் முழங்கால் நாலு விரற்கடை மடங்குவதோடு முடிந்துவிடுகிறது. காதைப் பிடிப்பது மட்டும் ஒழுங்காக நடக்கிறது. நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, குழாய்க் கதைக்குப் பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்னப் பெண், என் மகள் வயது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். 17 விநாடி. ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த கணக்குப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். அப்புறம் ஒரு கருவியை அழுத்தச் சொல்லிக் கைப்பிடி பலத்தை அளந்தார். ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பலக்குறைவு. அதில் நான் தப்பித்தேன்.

இந்தப் பிடிபலம் சாதாரண விஷயமில்லை. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பிடி ஐந்து கிலோ குறைந்தவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடப் பிடிபலம் அதை நன்றாக முன்கூட்டிக் காட்டியது. இதை எங்கோ படித்துவிட்டு என் நடைத் தோழர் ஒருவர் ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே கோட்டையைச் சுற்றுகிறார். தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் இறங்குமா? பிடி என்பது மொத்த உடம்பின் பலத்துக்கு ஓர் அடையாளம். பந்தைப் பிசைந்தால் பந்து பிசையும் பலம் வரும்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: 67 வயதில் போன பலம் திரும்புமா? 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோனி என்ற மருத்துவர் சராசரி 90 வயதான பத்துப் பேரை எடை தூக்கவைத்தார். தொடைப் பயிற்சி, எட்டு வாரம். ஒருவர் பாதியில் விட்டார். முடித்தவர்களின் தொடைபலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது ஐந்து கிலோ தள்ளிய கால் பதின்மூன்றரைக்கு மேல் தள்ளியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறில் நடந்தது அறுபத்தேழில் நடக்காதா?

பாஸ்டன் எதற்கு, வேலூரிலேயே இந்த அறிவுக்கு வயது அதிகம். சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி இங்கே அதற்கான துறையை நடத்தினார். பாகாயத்தில் 1966இல் வந்த மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. கால் போனவருக்கு அந்த வகை மருத்துவத்தில் முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று, கைகளையும் தோளையும் பலப்படுத்தித் தன் உடம்பைத் தானே தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. படுத்தவரையே அப்படிப் பயிற்றுவிக்கிறார்கள். நாம் நடக்கிறவரைப் படுக்கச் சொல்கிறோம்.

படுக்கை என்றதும் ஒன்று. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் குணமான பிறகும் "ரெஸ்ட் எடும்மா" என்று கட்டிலில் வைத்திருக்காதீர்கள். ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போனது.

என்ன செய்வது? டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலியோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இல்லை என்றால் தடுக்கமாட்டார். நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்குங்கள். கை ஊன்றாமல் முடியவில்லையா, நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டோ பத்தோ தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாள் விட்டு. கீழே உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது. மூச்சைப் பிடிக்கக் கூடாது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். கடைசி இரண்டு தடவை முனகல் வர வேண்டும். முனகல் வராவிட்டால் அது பயிற்சியில்லை, ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். அப்புறம் தண்ணீர் நிரப்பிய லிட்டர் பாட்டில் கைக்கொன்று. நான் இப்போது ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு எழுகிறேன், 11 விநாடிக்கு வந்திருக்கிறேன். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இதெல்லாம் பையனுக்கே தெரிந்திருக்கும். தொடை வலித்தால் இருக்கட்டும். மூட்டுக்குள் குத்தினால் நிறுத்திவிட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கடைசியாகத் தரையில் குந்தி எழுவது, பக்கத்தில் கட்டிலோ ஆளோ வைத்துக்கொண்டு.

சர்க்கரைக்கும் இது மருந்து மாதிரிதான். சாப்பிட்டபின் இன்சுலின் ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்தும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேர்வது தசைக்கு. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம், அவ்வளவுதான்.

சாப்பாடும் முக்கியம். அம்மா கடைசியில் சாப்பிடுகிறவரா? நம் அம்மாக்கள் பெரும்பாலும் அப்படித்தான். முட்டை பிள்ளைகளுக்கு, கறித்துண்டு ஆண்களுக்கு, அவருக்குக் குழம்பு. வயதானவர்களுக்கு உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமாவது, முடிந்தால் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். 55 கிலோ என்றால் 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். கேழ்வரகுக் களி நல்ல சாப்பாடு, ஆனால் அதற்குத் துணையாகக் கருவாடோ காராமணியோ கொள்ளோ கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆயுள் கூடும் என்று சொல்லி அம்மாவைக் கூப்பிடாதீர்கள். "நூறு வயசு இருக்கலாம்மா" என்பது அந்த வயதில் பலருக்கு வசவு மாதிரி கேட்கும். அடுத்த ஆடிக்குப் பத்து மாதம் இருக்கிறது, கோயிலில் மற்ற பெண்களோடு தரையில் குந்தலாம் என்று சொல்லிப் பாருங்கள். சொல்வது நீங்களோ அண்ணனோ வேண்டாம், பேரன் சொல்லட்டும். அவன் எண்ணினால் அவர் செய்வார். நீங்கள் சிரிக்காமல் இருந்தால் போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். நாற்காலி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டாம், டைல்ஸ் தரையில் பின்னால் நழுவும். கனமான மரநாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் குழாய் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.